காளஹஸ்திக்குப் பிறகு மதியச் சாப்பாடு

மற்றவர்கள் ஊர் சுற்றுவதற்கு வழி எழுதிக் கொடுப்பது என் வேலை. திருப்பதியில் ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறை. கீழே வாடகைக் கார்கள் நிற்கும். டிரைவர் கிடையாது, எடுப்பவர்களே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். எந்த வழியாகப் போனால் மலை தெரியும், எங்கே நிறுத்தினால் அருவி பக்கம், எந்த ஓட்டலில் கழிவறை சுத்தம் என்றெல்லாம் நாள்வாரியாக, மணிவாரியாக எழுதி வாட்ஸப்பில் அனுப்புவேன். அதற்கு முன்னால் பதினாறு வருடம் டாக்சி ஓட்டினேன். இடுப்பு எலும்பு விலகியதும் டாக்டர் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்றார். அதனால் இப்போது வாயாலும் விரலாலும் ஓட்டுகிறேன்.

உண்மையைச் சொன்னால் இயற்கைக் காட்சி என்றாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. தொடர்ந்து நாலு நாள் லீவு வரும் வாரத்தில் போன் செய்து, "கூட்டமே இல்லாத எடமா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். மாம்பழக் காலத்தில் சித்தூர் ரோட்டில் மாம்பழக்கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எழுதினால், கூகுளில் பச்சையாகக் காட்டுகிறதே என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். ராமகுப்பம் பக்கம் காட்டு ஓரமாக ரோடு கேட்ட ஒருவர், யானை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். யானைக்கு நான் பிளான் போட்டுக் கொடுப்பதில்லை சார் என்றேன். முதலாளியிடம் புகார் போயிற்று.

தினமும் காலையில் புத்தூரில் ரயில் ஏறி ரேணிகுண்டாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திருப்பதி. சாயங்காலம் அதே வழியில் திரும்பல். நான் எழுதிக் கொடுக்கும் எந்த இடத்துக்கும் என் மனைவியை அழைத்துப் போனதில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

என் பிளான்களில் ஒரு விஷயம் மட்டும் மாறாது. காளஹஸ்தி எப்போதும் கடைசி நாளில் கடைசியாகத்தான் வரும். ராகு கேது பூஜை முடித்தவர்கள் நேராகத் தங்கள் வீட்டுக்குத்தான் போகவேண்டும், நடுவில் வேறு யார் வீட்டுக்குள்ளும் காலை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கழித்துவிட்ட தோஷத்தைப் போகிற வீட்டில் இறக்கிவிட்டு வந்ததாக ஆகிவிடுமாம். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஒருமுறை சேலத்துக் குடும்பம் ஒன்றுக்கு நான் காளஹஸ்தியை இரண்டாம் நாள் வைத்துவிட, அவர்கள் அங்கிருந்து நேராகத் திருப்பதியில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மாள் எனக்குப் போன் செய்து என் பரம்பரையையே விசாரித்தார். அதிலிருந்து காளஹஸ்திக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுவேன். "இதற்குப் பிறகு வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. நேராக ஊர் திரும்பவும்." அந்த வரி எல்லாப் பிளானிலும் தானாகவே வந்துவிடும். மற்றதைத்தான் நான் மாற்றுவேன்.

போன வருடம் ஐப்பசி மழை ஓயும் நேரத்தில் தங்கச்சி சிங்கப்பூரிலிருந்து பேசினாள்.

"அண்ணா, நானும் அவரும் வரோம். பெங்களூர்ல அவரு அண்ணன் ஊட்ல எறங்கி, அங்கேர்ந்து காரு எடுத்துகினு நாலு நாள் சுத்திட்டு மெட்ராஸ்ல ஏரோப்ளேன் ஏறணும். நீதான் பிளான் போட்டுக் குடுக்கணும். காளாஸ்தில பூஜை ஒண்ணு கீது, அத மட்டும் வுட்டுடாத."

பூஜை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம், இன்னும் குழந்தை இல்லை. போன் வைப்பதற்கு முன்னால், "முடிஞ்சா ஊட்டுக்கும் வரேண்ணா" என்றாள். அந்த 'முடிஞ்சா' என்ற சொல்லைத்தான் ரயிலில் வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் கட்டிக்கொண்டவர் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் காலனியைச் சேர்ந்தவர். அவருடைய நைனா, அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், எங்கள் நிலத்தில் கரும்பு வெட்ட வந்தவர். இரண்டு பேரும் பெங்களூரில் வேலை பார்த்த இடத்தில் பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். என் நைனா வெளியே வந்து, "நீ வா. அவன் வாணாம்" என்றார். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நான் நைனாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வாயில்லாத வயது இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் நைனா செத்தபோது வந்தாள். அவரும் வந்தார். அவள் மட்டும் உள்ளே ஓடி வந்து முகம் பார்த்துவிட்டு, அழுது முடிக்காமலே தெருவுக்கு வந்துவிட்டாள். அவர் தெருவில்தான் நின்றார். சொந்தக்காரர்கள் பந்தல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்த் தெருவில் போட்டு, உட்காருங்க என்று சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

இதுவெல்லாம் இருக்க, பிளானில் மட்டும் குறை வைக்கவில்லை. முதல் நாள் மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி மலை, அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் பீலேரு, பாகராபேட்டை, தலக்கோனா அருவி. மழை முடிந்த வாரம் என்பதால் தண்ணீர் கொட்டும், ஆனால் பாறையில் வழுக்கும், செருப்பைக் காரிலேயே விடச் சொன்னேன். பாகராபேட்டை மலைப்பாதையில் இருட்டுவதற்கு முன்னால் இறங்கிவிடவேண்டும். மூன்றாம் நாள் திருமலை. இறங்கும்போது மேலே டோல்கேட்டில் கொடுக்கும் சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னால் கீழே வந்தால் வேகமாக ஓட்டியதாக அபராதம், அதனால் மெதுவாக வந்து வேடிக்கை பார்க்கச் சொன்னேன். நாலாம் நாள் காலை காளஹஸ்தி. பன்னிரண்டரைக்கு, "அண்ணன் வீடு, மதியச் சாப்பாடு." ஆறு மணிக்குள் மெட்ராஸில் காரை ஒப்படைப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு விமானம். வழியில் டயர் பஞ்சர் ஆனாலும், லாரி கவிழ்ந்து ரோடு அடைத்தாலும் தவறிவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்தேன். எல்லாப் பிளானிலும் சேர்ப்பேன். என் தொழில் அது.

அனுப்பிய பிறகு ஒருமுறை கூடப் படித்துப் பார்க்கவில்லை. சிவப்பு வரி தானாக வந்து காளஹஸ்திக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்த வரி என் வீட்டுச் சாப்பாடு. இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். மறந்ததா, மறக்க வேண்டியிருந்ததா என்பது எனக்கே தெரியவில்லை. கேட்டால் கோபம் வருகிறது.

மனைவி ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுத்தம் செய்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். நைனா படுத்திருந்த அறையில் புதுப்பாய் வாங்கிப் போட்டாள். "சாப்ட்டு செத்த நேரம் படுக்கட்டும், அப்பறம் போகட்டும்" என்றாள். அவளுக்கு என் தங்கச்சி மேல் பாசம் அதிகம். வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குத் துணையாக இருந்தது தங்கச்சி மட்டும்தான்.

முதல் மூன்று நாள் ஆபீசில் உட்கார்ந்து அவர்கள் அனுப்பிய லொகேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் நீலப்புள்ளி ஒன்று மலை ஏறும், நிற்கும், இறங்கும். தலக்கோனாவில் வெகுநேரம் நின்றது. நான் போட்டது ஒன்றரை மணி நேரம். அவர்கள் மூன்று மணி நேரம் எடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் போன் போட்டுக் கிளப்பியிருப்பேன். இவர்களை விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு நானும் வருவதாகச் சொல்லியிருந்ததால், நாலாம் நாள் ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். தங்கச்சி பின் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். அவர்தான் ஓட்டினார். "வாங்க மச்சான்" என்றார். மாப்பிள்ளை என்று நான் திருப்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வண்டி எப்டி சார் கீது, பிரேக்கு சரியா புடிக்குதா?"

சார் என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, நல்லா கீது மச்சான் என்றார். ஏர்பேடு வரும்வரை நான் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். இங்கே மேடு வரும், அங்கே மாடு குறுக்கே வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் பேசவேண்டியதில்லை.

கோயிலில் கூட்டம் குறைவு. பூஜை மண்டபத்தில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணை மூடி, ஐயர் தெலுங்கில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னதைத் தூண் ஓரத்திலிருந்து பார்த்தேன். சின்னப் பிள்ளையில் பரீட்சைக்குப் போகிற அன்றைக்கு இப்படித்தான் கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருப்பாள். இந்தமுறையாவது கொடுத்துவிடு சாமி என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

முடித்து எழுந்தவர்களிடம் ஐயர், "நேருகா இண்டிக்கி வெள்ளண்டி" என்றார். நேராக வீட்டுக்குப் போங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டே தங்கச்சி போனை எடுத்தாள். பிளானைத் திறந்து என் பக்கம் காட்டினாள். கோபம் இல்லை, சிரித்த முகம்தான்.

"அண்ணா, வேற யாரு ஊட்டுக்கும் போகக் கூடாதுன்னு போட்டுகிற. அதுக்குக் கீழியே அண்ணன் வீடு, மதியச் சாப்பாடுன்னு போட்டுகிற. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

அவள் கேட்டது என்னவென்று எனக்கு நன்றாகப் புரிந்தது. உன் வீடு உனக்கு வேறு வீடா, வாங்க இரண்டு பேரும் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். அதைச் சொன்னால் பதினோரு வருடத்துக்கு முன்னால் வாசலில் நைனா செய்தது தப்பு, பின்னால் நின்ற நான் செய்தது அதைவிடத் தப்பு என்று சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதுவும் மாப்பிள்ளை எதிரில். அவர் கார் சாவியை விரலில் சுற்றியபடி கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இரு, ஊட்ல கேட்டுச் சொல்றேன்" என்று தள்ளிப்போய் மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாயா சொல்ற? ஊருக்கெல்லாம் பிளான் போடறவன் காளாஸ்திய முன்னாடி வெச்சிட்டு ஊட்டுக்குக் கூட்டினு வரியா?" என்றாள்.

"தப்பாப் பூடுச்சி. இப்ப இன்னா பண்றது?"

"என்னியா கேக்கற? நீ சொல்லு."

அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். எனக்கோ களைப்பாக இருந்தது. அன்றைக்கு ஒரு நாளின் களைப்பு இல்லை அது. எல்லாவற்றுக்கும் ஒரு மாற்றுவழி கண்டுபிடித்துச் சொல்லும் ஆளாகவே இருந்து இருந்து, வழி மறிக்கிறது என்றால் சுற்றிக்கொண்டு போவது தவிர வேறெதுவும் தெரியாமல் போய்விட்டது எனக்கு.

"சாப்பாட்ட கேரியர்ல போட்டு எடுத்துகினு மெயின் ரோட்டாண்ட வந்துடு. மாந்தோப்பு கிட்ட நிப்பாட்டச் சொல்றேன். அங்கியே துன்னுட்டுக் கெளம்பட்டும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

தங்கச்சியிடம் வந்து சொன்னேன். பூஜை பலன் கெட்டுடக் கூடாது பாரு, அதுக்காகத்தான் என்றேன். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சரிண்ணா" என்றாள். வழியில் வடமாலப்பேட்டை டோல்கேட்டில் மட்டும், லெஃப்ட் லைன்ல போங்க என்றேன்.

எங்கள் ஊருக்குப் பிரியும் ரோட்டிலிருந்து கொஞ்சம் முன்னால், மாந்தோப்பு வேலி ஓரம் நிறுத்தினோம். மனைவி எங்களுக்கு முன்பே வந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். அது நைனாவின் அறைக்கு வாங்கிய புதுப்பாய். இரண்டு கேரியர், வாழை இலை, தண்ணீர்க் கேன். மொச்சைக்கொட்டைக் குழம்பு, கத்தரிக்காய் வறுவல், வடை, பாயசம். மாப்பிள்ளை இலையில் எதையும் மீதி வைக்காமல் சாப்பிட்டார். "ரொம்ப நல்லா கீது அக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். லாரிகள் போகும்போதெல்லாம் மனைவி முந்தானையால் பாயசப் பாத்திரத்தை மூடினாள். கல்யாணம் ஆன தங்கச்சிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் பதினோரு வருடம் கழித்து நான் போட்ட முதல் சாப்பாட்டை ரோட்டு ஓரத்தில் போட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது மனைவிக்குப் பொறுக்கவில்லை. யாரையும் பார்க்காமல், கேரியர் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பொறந்து வளந்த ஊடு. அவளுக்கு அது எப்டி வேற ஊடாகும்? அவளுக்கே இல்லன்னா அவரு மட்டும் எப்டி வேத்தாளு ஆவாரு? எனக்கு ஒண்ணும் புரியல."

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு புடவையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள்.

"அத அண்ணன் சொல்லணும் அண்ணி" என்றாள்.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். அன்றைக்கு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. வாசலில் மாலையோடு நின்றபோது இருந்த அதே முகம். கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக இருந்த முகம்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணே கால் ஆச்சி. ஆறு மணிக்குள்ள வண்டிய வுடணும். ஊத்துக்கோட்டை பக்கம் ரோடு வேல நடக்குது. இப்ப கெளம்பினாதான் சரியா இருக்கும்" என்றேன்.

தங்கச்சி எழுந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாப்பிள்ளை, "வரேன் மச்சான்" என்று கதவைத் திறந்தார். கார் திரும்பி ரோட்டில் ஏறி, மெட்ராஸ் பக்கமாகப் போய் வளைவில் மறைந்தது. மனைவி இலைகளை எடுத்து மாட்டுக்கு என்று ஒரு பையில் போட்டாள். அந்த வாரம் முழுக்கவே என்னிடம் அளந்துதான் பேசினாள்.

அங்கிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். மெட்ராஸுக்கு எப்படி மெதுவாகப் போனாலும் இரண்டே முக்கால் மணி நேரம். நான் சேர்த்துவைத்த இரண்டு மணி நேரமும் செலவாகாமல் அப்படியே இருந்தது. ஊத்துக்கோட்டையில் ரோடு வேலை எதுவும் நடக்கவில்லை. அது எனக்குத் தெரியும். பிளான் அவர்கள் கையிலேயே இருந்ததால், நேரம் இருக்கிறது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நைனா அவரை வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னார். எனக்கு அந்தத் தைரியம்கூட இல்லை, மணியைக் காட்டி அனுப்பிவைத்தேன்.